செட்டிநாட்டு வீட்டில் வீடியோ எடுக்கப் போகிறீர்களா? புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கல்யாணம், வீடு, சமையல் என்று எடுக்க ஆரம்பித்திருக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எந்தக் கம்பெனி கேமரா வாங்கலாம் என்ற பேச்சு இங்கே இல்லை. கையில் எது இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டே படிக்கலாம்.

கேமராவை ஆன் செய்ததும் முதலில் எதை மாற்ற வேண்டும்?

ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு வாருங்கள். ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) 25, ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரம், நொடியில்) 1/50. இந்த இரண்டையும் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கப்புறம் வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய வைப்பது), பிறகு அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), கடைசியாக ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்). ஷட்டர் எண் ஃபிரேம் ரேட்டைப் போல இரண்டு மடங்கு இருந்தால் நடை, கையசைவு எல்லாம் கண்ணுக்கு உறுத்தாமல் வரும். ஷட்டரை 1/500-க்கு ஏற்றினால் ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாகத்தான் இருக்கும், ஆனால் ஓட்டிப் பார்க்கும்போது ஆட்கள் வெட்டி வெட்டி நடப்பார்கள்.

இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒன்றுதான்: ஷாட் தொடங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்து பூட்டிவிடுங்கள். ஷாட்டின் நடுவில் கேமரா தானாக எதையும் மாற்றக் கூடாது (ஃபோகஸ் மட்டும் சில இடங்களில் விதிவிலக்கு).

யூடியூபில் எல்லோரும் 24 என்கிறார்களே, ஏன் 25?

அவர்களில் பலர் இருப்பது அமெரிக்காவில். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. அதனால் இங்கே டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை மங்கித் துடிக்கும். கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 30 ஃபிரேமில் 1/60 ஷட்டர் வைத்து ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துப் பாருங்கள், படத்தில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். எடிட்டில் அதைத் துடைப்பது பெரும்பாடு. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. 24-தான் வேண்டும் என்று மனது கேட்டால் வையுங்கள், ஆனால் ஷட்டர் 1/50-இலேயே இருக்கட்டும்.

ஸ்லோ மோஷனுக்கு 50 ஃபிரேம், 1/100. 120 ஃபிரேம் எடுக்க ஆசை என்றால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். டியூப் லைட்டுக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

வெளிச்ச அளவை முற்றத்துக்கு வைத்தால் தூண்கள் கருப்பாகின்றன, தூணுக்கு வைத்தால் முற்றம் வெளுத்துப் போகிறது. என்ன செய்வது?

செட்டிநாட்டு வீட்டில் எடுப்பவர் எல்லோருக்கும் வரும் தலைவலி இதுதான். கணக்கைப் பாருங்கள். உச்சி வெயில் நேரே விழும் முற்றத்துத் தரையில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். பத்தடி தள்ளி, வளவில் (முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரம்) தூணுக்குப் பின்னால் இருக்கும் அறை வாசலில் சில நூறு லக்ஸ்தான். இரண்டுக்கும் நடுவே எட்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) அளவுக்கு இடைவெளி. நம் கண் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடும். சாதாரண ப்ரொஃபைலில் (கேமராவின் வழக்கமான நிற அமைப்பு) இருக்கும் கேமராவால் அது முடியாது.

பணம் செலவில்லாத வழி நேரத்தை மாற்றுவது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் வெயில் முற்றத்துத் தரையில் விழாது, மேல்சுவரில்தான் நிற்கும். அப்போது வானத்து வெளிச்சம் மட்டும் இறங்கி, வளவு முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கும். தேக்குத் தூணின் எண்ணெய்ப் பளபளப்பு, உத்தரத்துச் செதுக்கல், நிலையில் இருக்கும் கஜலட்சுமி எல்லாம் அந்த நேரத்தில்தான் எடுபடும். பதினோரு மணிக்குப் போய் நின்றுகொண்டு லைட் வாடகைக்குக் கேட்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது ஆளை நிறுத்தும் இடம். பேட்டி கொடுக்கும் ஆச்சியை முற்றத்துக்கு முதுகு காட்டி உட்கார வைக்காதீர்கள். வளவின் ஓரத்தில், தூணிலிருந்து இரண்டடி உள்ளே, முகம் முற்றத்தை ஒருச்சாய்த்துப் பார்க்கும்படி உட்காரச் சொல்லுங்கள். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் மெல்லிய நிழல். பின்னால் இருட்டான பட்டாலை. லைட்டே வேண்டாம்.

முற்றம் பின்னால் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு வழி. முகத்துக்கு ஒரு நல்ல எல்இடி பேனல் வைப்பது, இல்லையென்றால் ஆளை நிழலுருவாகவே விட்டுவிடுவது. இரண்டும் இல்லாமல் நடுவில் தடுமாறும் ஷாட்தான் அமெச்சூராகத் தெரியும்.

முகப்பிலிருந்து அடுப்படி வரை நடந்தே ஒரே ஷாட்டாக எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். வெளியே வெயில், முகப்பு அரை இருட்டு, வளவு வெளிச்சம், இரண்டாம் கட்டு மங்கல், அடுப்படி இருட்டு என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு வாசல் நிலையைத் தாண்டும்போதும் படம் ஏறி இறங்கும். வேரியபிள் என்டி ஃபில்டரை (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி, திருகி அளவை மாற்றலாம்) நடந்துகொண்டே திருகுபவர்கள் உண்டு, அதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

என்னைக் கேட்டால், நிலைக்கு நிலை வெட்டுங்கள். ஒரு நிலையைத் தாண்டும்போது மரச்சட்டம் திரையை மறைக்கும் கணத்தில் ஒரு ஷாட் முடியட்டும், அடுத்தது அங்கே தொடங்கட்டும். ஒவ்வொரு கட்டுக்கும் தனியாக எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) வைத்துக்கொள்ளலாம். பார்ப்பவருக்கு ஒரே நடையாகத்தான் தெரியும்.

எக்ஸ்போஷர் சரியா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? ஸ்க்ரீனில் நன்றாக இருக்கிறது, வீட்டில் போட்டுப் பார்த்தால் கருப்பாக இருக்கிறது.

வெயிலில் ஸ்க்ரீனை நம்பாதீர்கள். ஸீப்ராவை (வெளுத்துப் போகும் இடத்தில் கோடு காட்டும் வசதி) 95-இல் வையுங்கள். வெள்ளை வேட்டி மடிப்பில் கோடு விழுந்தால் எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். வானத்துண்டிலோ ஜன்னல் கம்பி இடுக்கிலோ விழுந்தால் போகட்டும், விடுங்கள்.

இதோடு ஒன்று. கல்யாண வீடியோவில் முகம் வெள்ளையாக வர வேண்டும் என்பதற்காக ஒரு ஸ்டாப் ஏற்றி எடுக்கும் பழக்கம் நம்மூரில் இருக்கிறது. பட்டுப்புடவை ஜரிகை வெளுத்துப் போகும், மாநிறத்து முகத்தில் எண்ணெய் வழிவது போல இருக்கும். அவரவர் நிறத்தில் எடுத்தால் கேட்பவர்கள் பிறகு சமாதானமாகிவிடுவார்கள்.

வெயிலில் 1/50 வைத்தால் படமே வெள்ளையாகிறதே?

என்டி ஃபில்டர் வாங்குங்கள். எவ்வளவு கனம் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்றால் அப்பர்ச்சர் எஃப் 16 சரியாக இருக்கும். உங்களுக்கு எஃப் 2.8 வேண்டும், அது ஐந்து ஸ்டாப் அதிகம். ஷட்டரும் 1/50 ஆகிறது, இன்னொரு ஸ்டாப். மொத்தம் ஆறு. ஆறு ஸ்டாப் என்றால் என்டி 64. கேமரா லாக்கில் (பிறகு எடிட்டில் நிறம் சேர்ப்பதற்காக வெளிறிய படமாகப் பதியும் முறை) ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காது என்றால் இன்னும் மூன்று ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள், என்டி 500 வரை போகும். மலிவான வேரியபிள் என்டியைக் கடைசி வரை திருகினால் படத்தின் நடுவில் பெருக்கல் குறி போலக் கருப்பு விழும், அதைத் தெரிந்து வாங்குங்கள்.

லாக்கில் எடுக்கலாமா?

கேமராவில் 10 பிட் (நிறங்களை நுணுக்கமாகப் பதியும் திறன்) இருந்தால் எடுங்கள். முற்றம் போன்ற இடத்தில் அது நிஜமாகவே கைகொடுக்கும். 8 பிட்டில் லாக் எடுத்து நிறத்தை இழுத்தால் சுண்ணாம்புச் சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும். அப்படிப்பட்ட கேமராவில் சாதாரண ப்ரொஃபைலையே வைத்து, கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் போதும். கலர் செய்ய நேரம் இல்லாத கல்யாண வேலைக்கு லாக் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வொயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் என்ன?

பர்மாத் தேக்குக் கதவு ஃபிரேமில் வந்ததும் கேமரா "எல்லாம் சிவப்பாக இருக்கிறது" என்று நினைத்து நீலத்தை ஏற்றும். கேமரா திரும்பி வெள்ளைச் சுவர் வந்ததும் மறுபடி மாறும். ஒரே ஷாட்டில் சுவரின் நிறம் இரண்டாக இருக்கும். எண்ணைக் கையால் வையுங்கள்: பகல் வெயிலுக்கு 5600 கெல்வின், வளவு நிழலுக்கு 6500-லிருந்து 7000, பழைய குண்டு பல்புக்கு 3000 பக்கம்.

செட்டிநாட்டு வீட்டில் மூன்று வம்பு உண்டு. முதலாவது, கதவுக்கு மேலே இருக்கும் வண்ணக் கண்ணாடி. பச்சையும் நீலமுமாக வெளிச்சம் சுவரில் விழும். அதைத் திருத்தப் பார்க்காதீர்கள், அது அழகு. ஆளை மட்டும் அதிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். இரண்டாவது, தரை. சிவப்பு ஆத்தங்குடிக் கல் (கையால் செய்த தரை ஓடு) மேல் வெயில் விழுந்தால் உட்கார்ந்திருப்பவர் தாடைக்குக் கீழே சிவப்பு ஏறும். ஃபிரேமுக்கு வெளியே ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் போய்விடும். மூன்றாவதும் மோசமானதும், விசேஷ வீட்டில் முற்றத்துக்கு மேல் கட்டும் வண்ணத் துணிப் பந்தல். மஞ்சள் துணி என்றால் மொத்தக் கூட்டமும் மஞ்சள் காமாலை வந்தது போல இருக்கும். முந்தின நாளே போய் வெள்ளைத் துணி கட்டச் சொல்லிவிடுவதுதான் வைத்தியம். கட்டிவிட்டார்கள் என்றால் அந்தப் பந்தலுக்கு அடியிலேயே கிரே கார்டு (நடுநிலைச் சாம்பல் நிற அட்டை) காட்டி கஸ்டம் வொயிட் பேலன்ஸ் எடுங்கள். வேட்டியைக் காட்டி எடுக்காதீர்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டி வெள்ளை மாதிரி தெரியுமே தவிர வெள்ளை இல்லை.

தூண்கள் சாய்ந்து தெரிகின்றன. லென்ஸ் கோளாறா?

மூன்று காரணம் இருக்கலாம். கேமராவை மேலே தூக்கிப் பார்த்தால் தூண்கள் உச்சியில் ஒன்றை ஒன்று நோக்கிச் சாயும். கேமராவைச் சமமாக வைத்து, உயரம் வேண்டும் என்றால் ட்ரைபாடையே ஏற்றுங்கள். 16 மிமீ போன்ற அகல லென்ஸில் ஓரத்துத் தூண் இழுபட்டுத் தெரியும். அறை நெருக்கடியாக இல்லாவிட்டால் 24 மிமீ-க்குக் கீழே போகாதீர்கள். வேகமாகத் திருப்பினால் ரோலிங் ஷட்டரால் (சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால்) தூண்கள் ஒரு பக்கமாகச் சரியும். ஒரு தூண் திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற ஏழு வினாடியாவது ஆகட்டும், அந்த வேகம் போதும்.

வரிசைத் தூண்களுக்கு 85 மிமீ போட்டு, வளவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியைப் பாருங்கள். தூணுக்குத் தூண் ஒட்டி அடுக்கியது போல வரும். தூண் வரிசை அகல லென்ஸில் தெரிவதை விட இதில்தான் அழுத்தமாகத் தெரியும்.

தரை பளபளப்பிலும் நிலைக்கண்ணாடியிலும் நானே தெரிகிறேன்.

தரைக்கு சிபிஎல் ஃபில்டர் (பளபளப்பைக் குறைக்கும் போலரைசர்) உதவும். திருகிக்கொண்டே பாருங்கள், ஒரு இடத்தில் பளபளப்பு அணைந்து பூ வேலைப்பாடு தெளியும். ஒன்றரையிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிடும், அதை ஈடுகட்டிக்கொள்ளுங்கள். முழுக்க அணைக்கவும் வேண்டாம். கொஞ்சம் பளபளப்பு இருந்தால்தான் அது ஆத்தங்குடித் தரை.

பெல்ஜியம் கண்ணாடிக்கு சிபிஎல் வேலை செய்யாது, ரசம் பூசிய பரப்பிலிருந்து திரும்பும் வெளிச்சத்தை அந்த ஃபில்டர் தடுக்காது. சாய்வாக நில்லுங்கள், கருப்புச் சட்டை போடுங்கள்.

கண்டாங்கிச் சேலைக் கட்டத்தில் வானவில் போல நெளிகிறதே?

அது மொய்ரே. கட்டங்களும் சென்சாரின் புள்ளி வரிசையும் மோதுவதால் வருவது. இரண்டடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் பெரும்பாலும் போய்விடும். சேலையை விட்டு முகத்துக்கு ஃபோகஸ் வைத்து, அப்பர்ச்சரைத் திறந்தாலும் குறையும். கேமராவில் ஷார்ப்னெஸ்ஸைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். காரைக்குடிப் பக்கம் நேர்காணல் எடுக்கிறீர்கள் என்றால், எதிரில் இருப்பவர் கண்டாங்கி கட்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முதல் பத்து வினாடியை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஃபோகஸ்: ஆட்டோவா மேனுவலா?

பேட்டிக்கு முகம் பிடிக்கும் ஆட்டோ. தூண்களுக்கு நடுவே நடந்து வரும் பெண்ணுக்கும் ஆட்டோதான், ஆனால் ஒவ்வொரு தூணையும் ஃபோகஸ் தாவிப் பிடிக்காமல் இருக்க, சப்ஜெக்ட் மாறும் வேகத்தை மெனுவில் குறைத்து வைக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் மேனுவல், பீக்கிங் (ஃபோகஸ் ஆன ஓரங்களை நிறத்தில் காட்டும் வசதி) போட்டுக்கொள்ளுங்கள். பழக வேண்டும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். எனாமல் கும்பா, பித்தளைப் பூட்டு, மரப்பாச்சி என்று அடுக்கடுக்காக இருக்கும். முன்னாலிருந்து பின்னாலுக்கு ஃபோகஸ் இழுத்துப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துச் சத்தம் மட்டும் கரகரவென்று கிழிகிறது.

காலையிலிருந்து நாதஸ்வரம் ஒரே அளவில் போய்க்கொண்டிருக்கும், நீங்களும் அதற்கு ஏற்றாற்போல மைக் அளவை வைத்திருப்பீர்கள். "கெட்டி மேளம்" என்று குரல் வந்ததும் தவில் ஒரேயடியாக எகிறும். அந்த நாளின் முக்கியமான அரை நிமிடமும் அதுதான். ஆகவே சாதாரண வாசிப்பு மீட்டரில் மைனஸ் 20 டெசிபல் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டு, அப்படியே விடுங்கள். ரெக்கார்டரில் பாதுகாப்பு டிராக் இருந்தால், அது இன்னொரு பிரதியைக் குறைந்த அளவில் பதியும். கட்டாயம் போடுங்கள். ஆட்டோ கெயின் (சத்த அளவைத் தானாக மாற்றுவது) வேண்டாம். கெட்டி மேளத்தின்போது அது எல்லாச் சத்தத்தையும் அமுக்கி, முடிந்த பிறகு மெல்ல மெல்ல ஏற்றும், கேட்கவே சங்கடமாக இருக்கும்.

பேச்சுக்கு வேறு பிரச்சினை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர், கல் தரை, பளிங்கு எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். காலர் மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். கேமராவுக்குத் தெரியாத தரையில் ஜமுக்காளம் விரித்து, எதிர்ச்சுவர் பக்கம் இரண்டு பாயைச் சாத்தி வையுங்கள். எதிரொலி நன்றாகக் குறையும். அந்த வீட்டிலேயே இவை எல்லாம் இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

சமையல் வீடியோவில் ஆவி தெரியவே மாட்டேன் என்கிறது.

ஆவிக்குப் பின்னால் வெளிச்சம், அதற்கும் பின்னால் இருட்டு. இவ்வளவுதான். அடுப்படிக் கதவையோ ஜன்னலையோ பார்த்து, அடுப்புக்குப் பின்பக்கமாக வெளிச்சம் வரும்படி நில்லுங்கள். வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் உப்பி எழும் கணத்துக்கு 50 ஃபிரேம் வையுங்கள். லென்ஸை வாணலிக்கு நேர்மேலே பிடிக்காதீர்கள், எண்ணெய்ப் பூச்சு படிந்தால் அதற்கப்புறம் எடுத்த எல்லாமே மங்கல்தான். விறகு அடுப்பு என்றால் வொயிட் பேலன்ஸை 4000 பக்கம் வைத்துத் தீயின் மஞ்சளை விட்டுவிடுங்கள், முழுக்கத் திருத்தினால் அடுப்பு உயிரில்லாமல் போகும்.

எதை எடுத்துப் பழகலாம்?

ஆத்தங்குடியில் கல் போடுகிற பட்டறைக்குப் போங்கள். தொடக்கம், நடு, முடிவு எல்லாம் உள்ள வேலை, அதுவும் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை திரும்ப நடக்கும். ஷாட் தவறினால் அடுத்த கல்லில் எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடிச் சில்லைத் துடைத்து வைப்பது, சட்டத்தை அமர்த்துவது, அச்சு வைத்துக் கரண்டியால் வண்ணக் குழம்பை ஊற்றுவது, அச்சைத் தூக்குவது, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்துவது. ஒவ்வொன்றையும் தூரத்தில், நடுத்தரத்தில், கையருகில் என்று மூன்று விதமாக எடுங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் பத்து வினாடி அசையாமல் பிடியுங்கள். புதிதாக வருபவர்கள் நாலு வினாடியில் கேமராவைத் திருப்பிவிடுவார்கள், எடிட்டில் வெட்ட இடமே இருக்காது.

வேலை செய்பவரின் முகத்தை மறக்காதீர்கள். கையை மட்டுமே எடுத்துக்கொண்டு வந்தால் அது விளம்பரம் மாதிரி இருக்கும். நீரில் ஊறிக் காய்ந்த கல் கண்ணாடியை விட்டுப் பிரியும்போதுதான் பளபளப்பு முதல் தடவையாகத் தெரியும், அதற்கு ஒரு நாள் தனியாகப் போங்கள்.

போனில் எடுக்கலாமா?

தாராளமாக. லென்ஸைத் துடையுங்கள், திரையில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். ஐபோனில் 25 ஃபிரேம் தெரியவில்லை என்றால் கேமரா செட்டிங்கில் PAL ஃபார்மட்டைக் காட்டும் பட்டனை ஆன் செய்ய வேண்டும். வளவு இருட்டில் டெலி லென்ஸ் (தூரத்தைக் கிட்டக் காட்டுவது) வேண்டாம், மெயின் லென்ஸே போதும்.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

கேட்காமல் எப்படி? பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடப்பவை போலத் தெரிந்தாலும் பங்காளிகள் பலருக்குச் சொந்தம், விசேஷத்துக்குக் கூடுவார்கள். சாவி வைத்திருக்கும் பெரியவர் சரி என்றதை மட்டும் வைத்து நெட்டில் போட்டால் பிறகு வம்பு வரும். சாமி அறைக்குள் போகாதீர்கள். ட்ரைபாட் காலில் ரப்பரோ பழைய சாக்ஸோ மாட்டுங்கள், பளிங்கில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்து வருபவரை அவர்கள் உள்ளே விட மாட்டார்கள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி மாதிரிக் கோயில்களில் கேமராவை எடுப்பதற்கு முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், கருவறைப் பக்கம் திருப்பவே கூடாது.

டிரோன் என்றால் டிஜிட்டல் ஸ்கை (விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் இணையதளம்) வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா (தடையில்லாத இடமா) என்று பார்த்துவிட்டு, 400 அடிக்குள் பறக்கவிடுங்கள். ஓட்டு வீட்டு வரிசையும் முற்றத்துச் சதுரங்களும் மேலிருந்து பார்க்க அருமைதான். ஆனால் அந்த முற்றங்களில் ஆட்கள் குளித்துத் தலை உலர்த்திக்கொண்டிருப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

கார்டு எவ்வளவு, சூடு எவ்வளவு?

100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அந்த வேகத்துக்கு வி30 (கார்டின் எழுதும் வேகக் குறி) கார்டு போதும், 400 மெகாபிட் என்றால் வி60. ஒரு முழுநாள் கல்யாணத்துக்கு 128 ஜிபி கார்டு நாலு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு ராத்திரியே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடுங்கள்.

சித்திரை, வைகாசியில் 4கே ஓடும் கேமரா சீக்கிரம் சூடாகி அணைந்துவிடும். ஸ்க்ரீனை உடலிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள், ஷாட்டுக்கு ஷாட் நிழலுக்குக் கொண்டுவாருங்கள், ட்ரைபாட் மேல் ஒரு குடை கட்டுங்கள். ஏசி காரில் வைத்துக் குளிரச் செய்து உடனே வெளியே எடுத்தால் மழைக்காலத்தில் லென்ஸ் பனித்துப் போகும். பைக்குள்ளேயே பதினைந்து, இருபது நிமிடம் விட்டு எடுங்கள்.